இம்ப்ளான்ட் தசைக்கு மேலா, கீழா? மார்பக அறுவைக்கு முன் முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைக்கு ஆலோசனை கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அளவைப் பற்றியே யோசித்துக்கொண்டு போகிறார்கள். 275 சிசியா, 325 சிசியா? உருண்டை வடிவமா, நீர்த்துளி வடிவமா? பேச்சின் நடுவில் டாக்டர் "தசைக்கு மேல வைக்கலாமா, கீழ வைக்கலாமா?" என்று கேட்கும்போதுதான் இப்படி ஒரு கேள்வி இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. "நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், அளவை விட இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். 25 சிசி கூடியதா குறைந்ததா என்பது ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துபோகும். மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது அப்படி மறக்காது. கனமான கதவைத் தள்ளும்போதும், குனியும்போதும், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போதும் அது நினைவுக்கு வரும்.

எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் உடம்புக்கு என்று கேட்டால் உண்டு. மார்பின் மேல் பகுதியில் திசு எவ்வளவு தடிமனாக இருக்கிறது, மார்புத் தசையை எவ்வளவு வேலை வாங்குகிறீர்கள், தொய்வு எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்து பாதிக்கு மேல் பதிலைச் சொல்லிவிடும். அந்த வரிசையிலேயே போகலாம். இங்கே சொல்வதெல்லாம் அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவைக்கு. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தபின் செய்யும் மறுசீரமைப்பின் கணக்கு வேறு.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது

தோலிலிருந்து உள்ளே போனால் கொழுப்பு, பால்சுரப்பித் திசு, அதன் பின்னால் ஃபேஷியா என்ற மெல்லிய சவ்வு, அதற்கடுத்து பெக்டோரலிஸ் மேஜர் என்ற பெரிய மார்புத் தசை, கடைசியில் விலா எலும்புகள். பெரிய மார்புத் தசை விசிறி மாதிரி விரிந்திருக்கும். காறை எலும்பு, நெஞ்செலும்பு, விலாக் குருத்தெலும்பு ஆகியவற்றில் தொடங்கி, மேல்கை எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்த விசிறி மார்பகத்தின் பின்பக்கம் முழுவதையும் மூடுவதில்லை. மேல் பகுதிக்கும் உள்பக்கத்துக்கும்தான் தசை இருக்கிறது. கீழ் வெளிப்பக்கத்துக்கு அது எட்டாது. ஆகவே "தசைக்குக் கீழே வைத்தோம்" என்று சொன்னாலும் பெரும்பாலும் இம்ப்ளான்ட்டின் மேல் பாதிக்குத்தான் தசைப் போர்வை கிடைக்கும். தசைக்கு அடியில் போய்விட்டால் ஒன்றுமே வெளியே தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்து, பிறகு மார்பின் கீழ் ஓரத்தில் சுருக்கம் கைக்குத் தட்டுப்படும்போது சிலர் அதிர்ந்துபோவது இதனால்தான்.

இம்ப்ளான்ட்டுக்கான பையை, அதாவது அது உட்காரும் இடைவெளியை, நான்கு இடங்களில் செய்யலாம். சுரப்பிக்குப் பின்னால், தசைக்கு முன்னால் வைப்பது சப்கிளாண்டுலர். பேச்சு வழக்கில் "மேலே" என்பது இதைத்தான். ஃபேஷியா சவ்வைத் தூக்கி அதற்கு அடியில் வைப்பது சப்ஃபேஷியல். இதுவும் தசைக்கு மேல்தான், ஒரு மெல்லிய போர்வை கூடுதல், அவ்வளவே. மேல் பாதி தசைக்கு அடியிலும் கீழ் பாதி சுரப்பிக்கு அடியிலும் இருக்கும்படி வைப்பது டூயல் பிளேன். இன்று பல சர்ஜன்கள் "தசைக்குக் கீழே" என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது இந்த மூன்றாவதைத்தான். நான்காவது, பக்கவாட்டுத் தசையையும் சேர்த்து முழுக்க மூடுவது. அழகுக்கான அறுவையில் இது அரிது.

முதல் சிலிகான் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் எல்லாம் தசைக்கு மேல்தான். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு கட்டும் தழும்புறை இறுகிப்போவது பெரிய தலைவலியாக இருந்தது. 1968-ல் டெம்ப்சி, லாத்தம் என்ற இருவர் தசைக்கு அடியில் வைக்கும் முறையை எழுதினார்கள். 2001-ல் ஜான் டெபெட்ஸ் டூயல் பிளேன் முறையை விவரித்தார். ஒவ்வொன்றும் முந்தையதில் இருந்த ஒரு குறையைச் சரிசெய்ய வந்தது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு புதுக் குறையையும் கொண்டுவந்தது.

படி 1: கிள்ளிப் பாருங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன்பே வீட்டில் செய்து பார்க்கக்கூடியது இது. கண்ணாடி முன் நின்று ஒரு கையை இடுப்பில் வைத்து நன்றாக அழுத்துங்கள். மார்புத் தசை இறுகி, தோலிலிருந்து தனியாகப் பிரிந்து தெரியும். இப்போது மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மார்பகத்தின் மேல் பகுதியில், காம்புக்கு நல்ல உயரத்தில், தோலையும் கொழுப்பையும் மட்டும் பிடியுங்கள். தசை விரலுக்குள் வரக்கூடாது. இரண்டு விரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அந்தத் தடிமன்.

சர்ஜன் இதையே காலிப்பர் என்ற தடிமன் அளக்கும் கருவியால் அளப்பார். பலரும் வைத்துக்கொள்ளும் கோடு 2 சென்டிமீட்டர். அதற்கு மேல் இருந்தால் தசைக்கு மேல் வைப்பதைத் தாராளமாக யோசிக்கலாம். அதற்குக் கீழ் இருந்தால் இம்ப்ளான்ட்டின் மேல் விளிம்பு வட்டமாகத் தெரியும், குனியும்போது அலை அலையாகச் சுருக்கம் விழும். அவர்களுக்குத் தசைப் போர்வை தேவைப்படும்.

இன்றைய அளவு இன்றைக்கு மட்டும்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள். எடை குறைந்தால் மார்பின் கொழுப்பும் குறையும். வயதாக ஆக சுரப்பித் திசு சுருங்கும். உள்ளே இருக்கும் இம்ப்ளான்ட்டின் எடையும் அழுத்தமும் அதன் மேலிருக்கும் திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலியவைக்கும். 2.1 சென்டிமீட்டர் இருக்கிறது என்று மகிழ்ந்து மேலே வைத்துக்கொண்டவருக்கு, பத்து கிலோ இறங்கியபின் அது 1.5 ஆகிவிட்டால் விளிம்பு தெரியத் தொடங்கும். எடை குறைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, ஒரு நிலைக்கு வந்தபின் அளக்கச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்கும் இதே பேச்சுதான். பால் நின்று சில மாதங்களாவது கழியாமல் எடுத்த அளவை நம்ப முடியாது.

படி 2: தசைக்கு எவ்வளவு வேலை?

தசைக்கு அடியில் வைத்தால், தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் இம்ப்ளான்ட்டை அழுத்தும். அழுத்தத்தில் அது மேலேயும் வெளிப்பக்கமும் நகரும். மேல் தோலில் ஒரு மடிப்பு விழலாம், மார்பகத்தின் வடிவம் ஒரு நொடி கோணலாகிப் பழையபடி திரும்பும். அனிமேஷன் டிஃபார்மிட்டி என்பது இதற்குப் பெயர். தசைக்குக் கீழே வைத்தவர்கள் பெரும்பாலோரிடம் ஏதோ ஓர் அளவில் இது இருக்கும். சிலருக்கு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்கு ஜிம் கண்ணாடியில் எதிரே நிற்பவருக்கே தெரியும்.

மறுபடி கண்ணாடி முன் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே கூப்பி, ஒன்றையொன்று பலமாக அழுத்துங்கள். தசை எங்கே, எவ்வளவு புடைக்கிறது என்று கவனியுங்கள். இறுக்கமான பாட்டில் மூடியைத் திறக்கும்போதும் இதே தசைதான் வேலை செய்கிறது. இதை நாளுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்?

மேசை வேலை செய்பவருக்கு இது பெரிய பிரச்சினையாக இருக்காது. பளு தூக்குபவர், பாறை ஏறுபவர், நீச்சல்காரர், உடல்கட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர், தினம் தண்டால் எடுப்பவர் என்றால் பேச்சு வேறு. அசைவு மட்டும் அல்ல, தசை கீழே ஒட்டியிருக்கும் இடத்தை ஓரளவு விடுவித்துத்தான் பை செய்கிறார்கள் என்பதால் அந்தத் தசையின் பலத்திலும் கொஞ்சம் குறையலாம். இவர்களுக்குத் திசு அனுமதித்தால் தசைக்கு மேல், அல்லது சப்ஃபேஷியல் என்பதே என் சாய்வு.

சிக்கலே இங்கேதான். ஒல்லியாகவும் இருந்து தினமும் பெஞ்ச் பிரெஸ்ஸும் செய்கிற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளினால் 1.2 சென்டிமீட்டர்தான் வருகிறது. முதல் படி கீழே வை என்கிறது, இரண்டாவது மேலே வை என்கிறது. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. எந்தக் குறையோடு வாழ முடியும் என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். தசைக்கு மேல் வைத்து, இம்ப்ளான்ட்டைச் சின்னதாக்கி, மேல் பகுதியில் உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த கொழுப்பைச் செலுத்தி விளிம்பை மறைப்பது ஒரு வழி. அப்படிச் செலுத்திய கொழுப்பு முழுவதும் தங்காது, ஒரு பங்கு கரையும். மிகவும் ஒல்லியானவரிடம் எடுக்கக் கொழுப்பே இருக்காது. டூயல் பிளேனில் வைத்து அசைவை ஏற்றுக்கொள்வது மற்றொரு வழி. இந்த இரண்டையும் பேசாமல் "ஒண்ணும் ஆகாது" என்று முடித்துவிடும் ஆலோசனையை நான் நம்ப மாட்டேன்.

படி 3: தொய்வை அளந்துகொள்ளுங்கள்

ஒரு ஸ்கேல் போதும். பிரா இல்லாமல் பக்கவாட்டில் நின்று, மார்பகத்தின் கீழ் மடிப்புக்கு நேராக ஸ்கேலைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். காம்பு ஸ்கேலுக்கு நன்றாக மேலே இருந்தால் தொய்வு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். நேரே இருந்தால் லேசான தொய்வு. கீழே இருந்தால் இம்ப்ளான்ட்டால் மட்டும் ஆகிற காரியம் இல்லை, தூக்கித் தைக்கும் மாஸ்டோபெக்ஸியும் தேவைப்படலாம்.

தொய்ந்த மார்பகத்தில் இம்ப்ளான்ட்டை முழுக்கத் தசைக்கு அடியில் வைத்தால், அது தசையின் பிடியில் மேலேயே நின்றுவிடும். சுரப்பி மட்டும் அதன் மேலிருந்து வழுக்கிக் கீழே தொங்கும். ஒரே பக்கத்தில் இரண்டு மேடு வந்துவிடும். தசைக்கு மேல் வைத்தால் இம்ப்ளான்ட் சுரப்பியோடு சேர்ந்தே உட்காரும், காலியான பை நிரம்பிய மாதிரி. லேசான தொய்வு இருந்து, மேலே திசுவும் போதுமான அளவு இருக்கிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். திசு போதாதவர்களுக்காகத்தான் டூயல் பிளேனில் 1, 2, 3 என்று வகை பிரித்திருக்கிறார்கள். தொய்வு கூடக்கூட சுரப்பியைத் தசையிலிருந்து மேலும் மேலும் பிரித்துவிடுவார்கள், தசை மேலே ஏறிக்கொள்ளும், கீழ் பாதி இம்ப்ளான்ட்டால் நிறையும். உங்களுக்கு டூயல் பிளேன் என்றால் எத்தனையாவது வகை, ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த இம்ப்ளான்ட்

சலைன் எனப்படும் உப்புநீர் இம்ப்ளான்ட்டில் சுருக்கம் எளிதில் வெளியே தெரியும். அதைத் தசைக்கு மேல் வைப்பது, அதிலும் ஒல்லியானவருக்கு, நல்ல யோசனை இல்லை. கெட்டியான சிலிகான் ஜெல் இந்த விஷயத்தில் அதை விட நல்லது. அளவு கூடக்கூட எடையும் கூடும். 300 சிசி ஜெல் கிட்டத்தட்ட 300 கிராம். தசைக்கு மேல் இருந்தால் அந்த எடை முழுவதையும் தோலும் சுரப்பியும்தான் தாங்க வேண்டும். பெரிதாகவும் வேண்டும், மேலேயும் வேண்டும் என்றால், சில வருடங்களில் அது கீழே இறங்குவதற்கு நீங்களே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி.

வெளிப்பரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசைக்கு மேல் வைக்கும்போது இறுகிப்போவதைக் குறைக்க, சொரசொரப்பான பரப்புள்ள இம்ப்ளான்ட்கள் ஒரு காலத்தில் நிறையப் பயன்பட்டன. அந்தப் பரப்புக்கும், இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள தழும்புறையில் வரும் அரிதான ஒரு லிம்ஃபோமாவுக்கும் (நிணநீர்ப் புற்றுநோய்) தொடர்பு தெரியவந்தபின் நிலைமை மாறியது. 2019 ஜூலையில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன் பேரில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலக அளவில் திரும்பப் பெற்றது. இந்த ஆபத்து பரப்போடு சேர்ந்தது, தசைக்கு மேலா கீழா என்பதோடு சேர்ந்தது அல்ல. எந்தப் பரப்பு வைக்கிறார்கள் என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: இறுகிப்போகும் கதை

எந்த இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் உடம்பு ஒரு தழும்புறையைக் கட்டும். அது இயல்பு. அந்த உறை சுருங்கி இறுகினால்தான் கேப்சூலர் கான்ட்ராக்சர். இதை பேக்கர் அளவுகோலில் நான்காகப் பிரிப்பார்கள். 1-ல் மென்மையாக இருக்கும். 2-ல் தொட்டால் லேசான இறுக்கம், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. 3-ல் இறுக்கத்தோடு வடிவமும் மாறியிருக்கும். 4-ல் வலியும் சேரும். 3-ம் 4-ம் வந்தால் பெரும்பாலும் மறுபடி அறுவைதான்.

தசைக்குக் கீழே வைப்பவர்களுக்கு இது குறைவாக வருகிறது என்பதே தசைக்குக் கீழே என்ற கட்சியின் பலமான வாதம். பால்நாளங்களில் இயல்பாகவே பாக்டீரியா வாழ்கின்றன. தசை நடுவே இருந்தால் அவை இம்ப்ளான்ட்டை எட்டுவது கடினம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெட்டு எங்கே போடுகிறார்கள், உள்ளே ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்கிறார்களா, இம்ப்ளான்ட் தோலில் படாமல் உள்ளே போகிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. மார்பின் கீழ் மடிப்பில் போடும் வெட்டு, காம்பைச் சுற்றிப் போடும் வெட்டை விட இந்த வகையில் பாதுகாப்பானது.

படி 6: மேமோகிராம், தாய்ப்பால்

இரண்டு இடத்திலும் இம்ப்ளான்ட் மேமோகிராமில் திசுவின் ஒரு பகுதியை மறைக்கத்தான் செய்யும். தசைக்குக் கீழே இருந்தால் மறைவது பொதுவாகக் குறைவு. இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளி, திசுவை மட்டும் முன்னால் இழுத்து எடுக்கும் எக்லண்ட் முறையும் அப்போது எளிதாக அமையும். அதனால் வழக்கமான 4 படங்களுக்குப் பதில் 8 படங்கள் எடுப்பார்கள். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் இதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை இடத்தை விட வெட்டுதான் முக்கியம். மடிப்பு வழியாகப் போனால் இரண்டு இடத்திலும் பெரும்பாலோர் பாலூட்ட முடிகிறது. காம்பைச் சுற்றி வெட்டினால் நாளங்களும் நரம்புகளும் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும்.

படி 7: டாக்டரிடம் என்ன கேட்பது

எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அது அவர் கைப்பழக்கம். உங்கள் உடம்புக்கான பதில் இல்லை. கையோடு ஒரு தாள் கொண்டுபோய் இவற்றைக் கேளுங்கள். என் மேல் பகுதித் திசு எத்தனை சென்டிமீட்டர்? எனக்கு இந்த இடத்தைச் சொல்ல அந்த எண்ணைத் தவிர வேறு என்ன காரணம்? மற்ற இடத்தில் வைத்தால் எனக்கு எது கெட்டுப்போகும்? என் மாதிரி உடம்புக்கு நீங்கள் செய்த படங்கள் உண்டா? தசைக்குக் கீழே என்றால், தசையை இறுக்கியபடி எடுத்த படமோ வீடியோவோ உண்டா? கடைசிக் கேள்விக்குப் பலர் தயாராக இருப்பதில்லை. கைகளைத் தளரவிட்டு நேரே நின்று எடுத்த படத்தில் தசைக்குக் கீழே வைத்த எதுவும் அழகாகத்தான் இருக்கும்.

சரிப்படாவிட்டால் இடம் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். முடியும். மேலே இறுகிப்போனதைக் கீழே மாற்றுகிறார்கள், கீழே அசைவு தாங்காததை மேலே கொண்டுவருகிறார்கள். ஆனால் இரண்டாவது அறுவை முதல் அறுவையை விடக் கடினம். பழைய பையை மூட வேண்டும், தசையைத் திரும்பத் தைக்க வேண்டும், அதற்குள் திசுவும் மெலிந்திருக்கும்.

அறுவைக்குப் பிறகு

தசைக்கு மேல் வைத்தவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். கீழே வைத்தவர்களுக்கு முதல் மூன்று, நான்கு நாள் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழ முடியாது. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினால் எழுவது எளிது. தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் தூக்க வேறு ஆள் வேண்டும். மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம். மார்புத் தசைக்கான உடற்பயிற்சிக்கு ஆறு வாரமாவது ஆகும், கீழே வைத்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். புகைப்பவர்கள் அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், ஆறும்வரை தொடவும் கூடாது.

கீழே வைத்தால் முதலில் மார்பகம் மிக உயரத்தில், சப்பையாக, கல் மாதிரி நிற்கும். தசை தளர்ந்து, இம்ப்ளான்ட் இறங்கி உட்கார மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்காது. இரண்டாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் நிறைய. திடீரென ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், சிவந்து சூடாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். வருடங்கள் கழித்து ஒரு பக்கம் காரணமில்லாமல் வீங்கினாலும் அப்படித்தான்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதற்குமானது இல்லை. சிலிகான் கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்து, அப்புறம் 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும்படி எஃப்டிஏ சொல்கிறது. அறுவை முடிந்து வீட்டுக்கு வரும்போது இம்ப்ளான்ட் அட்டையோடு அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் நிறுவனமும் அளவும் வரிசை எண்ணும் இருக்கும். எந்த அடுக்கில் வைத்தார்கள், தசையை எவ்வளவு விடுவித்தார்கள் என்பது குறிப்பில்தான் இருக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து வேறொரு சர்ஜன் அதைத் திறக்க வேண்டி வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.